அயல்வீட்டுக் கடன்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணி. ஸ்ரீவராகம் கோயில் குளத்தைத் தாண்டி, ஓர் ஆட்டோ மட்டுமே நுழையக்கூடிய சந்து. ஓட்டு வீடொன்றின் வராந்தாவில் பதினான்கு பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவே ஒரு பழைய பிஸ்கட் டின். பக்கத்தில் கெட்டி அட்டை போட்ட மூன்று நோட்டுகள். ஒருவர் பெயர் வாசிக்கிறார். பெயருக்குரியவர் எழுந்து வந்து ஐம்பதோ நூறோ டின்னில் போட்டுவிட்டு, தன் பாஸ் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய் உட்காருகிறார். யாரும் அதிகம் பேசுவதில்லை. பேச்சு பிற்பாடுதான். பணம் எண்ணி முடித்து டின்னை மூடியதும் கூட்டம் கலகலப்பாகிவிடுகிறது.

நான் அங்கே போனது கடனைப் பற்றி எழுதுவதற்காக அல்ல. மலையாளத்திலிருந்து ஒரு நூலைத் தமிழாக்கும் வேலை; சில சொற்களில் சந்தேகம். நாகர்கோவிலிலிருந்து இரண்டு மணி நேர பஸ் பயணத்தில் கிழக்கே கோட்டையில் இறங்கி, பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றிக்கொண்டு கோட்டைக்குத் தெற்கே வந்தால் ஸ்ரீவராகம். கோட்டைக்குள் இன்னமும் அக்கிரகாரத் தெருக்களில் தமிழ் கேட்கிறது. மறுபக்கம் சாலைக் கடைத்தெருவில் தமிழ் வியாபாரிகள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1-ல் சென்னை ராஜ்யத்தோடு சேரும்வரை நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதுதான் தலைநகரம். ஆகவே ஒரு தமிழருக்கு இங்கே அந்நியம் தோன்றுவதில்லை. தோன்ற வேண்டிய இடத்தில்கூடத் தோன்றுவதில்லை என்பதுதான் மொழிபெயர்ப்பாளருக்கு ஆபத்து.

நான் தங்கியிருந்த வீட்டு அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல். என் சந்தேகங்களைக் கேட்டுவிட்டு, "எங்க அயல்கூட்டத்துக்கு வா மோளே, உன் அகராதியில் இல்லாததெல்லாம் அங்கே கிடைக்கும்" என்று கூட்டிப்போனார். அவர் சொன்னது சரி. முதல் சொல்லே 'அயல்'. நமக்கு இன்று அயல் என்றால் அயல்நாடு, அயலான், நம்மைச் சேராதவன். மலையாளத்தில் அது பக்கத்து வீடு. தமிழிலும் பழைய பொருள் அதுதான். 'அயலார்' அடுத்த வீட்டுக்காரர்களாக இருந்தவர்கள், பிற்பாடு எப்படியோ அந்நியர்களாகிவிட்டார்கள். அயல்கூட்டம் என்றால் பக்கத்து வீட்டுக்காரிகளின் கூட்டம்.

அடுத்து நோட்டின் அட்டையில் எழுதியிருந்த தலைப்பு: லகு சம்பாத்ய வாய்ப. சம்பாத்யம் என்றால் நமக்கு வருமானம். இங்கே சேமிப்பு. 'வாய்ப' என்றதும் தமிழ்க் காதுக்கு வாய்ப்பு என்று கேட்கிறது. சிறு வருமானம், சிறு வாய்ப்பு, நல்ல திட்டமாக இருக்கிறதே என்று தோன்றும். வாய்ப என்றால் மலையாளத்தில் கடன். சிறு சேமிப்பு, சிறு கடன். அவ்வளவுதான் அந்த நோட்டில் இருப்பது. கடன் எப்போது வாய்ப்பாகிறது, எப்போது வெறும் கடனாகவே நின்றுவிடுகிறது என்பதைத்தான் அன்று மாலை அந்தப் பெண்கள் இரண்டு மணி நேரம் விவாதித்தார்கள்.

விவாதத்துக்குக் காரணம் ஒரு கிரைண்டர். உறுப்பினர் ஒருவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், 75,000 ரூபாய் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். கோயம்புத்தூர் டில்டிங் கிரைண்டர் ஒன்று, ஒரு பெரிய பிரிட்ஜ், பாக்கெட்டை ஒட்டும் சிறு இயந்திரம். தோசை மாவு அரைத்து விற்கப்போகிறார். கணவர் வளைகுடாவில் இருந்தவர், கோவிட் காலத்தில் திரும்பியவர். மறுபடி விசா கிடைக்கவில்லை. மகள் பட்டதாரி, வீட்டில் இருக்கிறாள். கடன் வங்கியிலிருந்து வரும். ஆனால் தனி நபர் பெயரில் அல்ல, கூட்டத்தின் பெயரில். பதினான்கு பேரும் சம்மதிக்க வேண்டும்.

சம்மதிக்கத் தயக்கம். அதற்குக் காரணம் வராந்தாத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த இன்னொரு பெண். அவர் இரண்டு தையல் இயந்திரங்கள் வாங்க 40,000 ரூபாய் கடன் பெற்றவர். பக்கத்துப் பள்ளி ஒன்றின் சீருடை வேலை கிடைக்கும் என்ற பேச்சை நம்பி வாங்கினார். வேலை வேறு ஊர்க் கடைக்குப் போய்விட்டது. ஒரு இயந்திரம் இப்போது துணி போட்டு மூடிக் கிடக்கிறது. நான்கு மாதத் தவணை பாக்கி. கூட்டம் தன் சேமிப்பிலிருந்து கட்டியிருக்கிறது. யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவர் தலை நிமிரவும் இல்லை. அடுத்தடுத்த வீடு, காலையில் குழாயடியில், மாலையில் கோயில் வாசலில் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியவர்கள். ஜாமீன் கேட்காத கடன் என்று விளம்பரப்படுத்துகிறோமே, அந்த ஜாமீன் இதுதான்: முகம்.

இந்த முறைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1976-ல் வங்காள தேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் பொருளாதாரப் பேராசிரியர் முகமது யூனுஸ் 42 பேருக்குத் தம் கைப்பணம் 27 டாலரைக் கடனாகக் கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். அது 1983-ல் கிராமீன் வங்கியாயிற்று, 2006-ல் நோபல் சமாதானப் பரிசு பெற்றது. நம் தமிழகத்தில் 1989-ல் தருமபுரியில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கின. பின்னர் அதுவே மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் பரவியது. 1992-ல் நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துச் சோதனை செய்தது.

கேரளம் கொஞ்சம் வேறு வழியில் வந்தது. ஆலப்புழையில் 1991-ல் யூனிசெப் உதவியுடன் தொடங்கிய திட்டம் கடனைப் பற்றியதே அல்ல, குழந்தைகளின் ஊட்டச்சத்தைப் பற்றியது. யார் ஏழை என்று தீர்மானிக்க வருமானத்தைக் கேட்டால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். எனவே ஒன்பது கேள்விகள் வைத்தார்கள். நல்ல வீடு இருக்கிறதா, கழிப்பறை உண்டா, குடிதண்ணீர் கிடைக்கிறதா, இரண்டு வேளைச் சாப்பாடாவது உண்டா, வீட்டில் குடிகாரர் இருக்கிறாரா என்கிற மாதிரி. நான்கு குறைகளாவது இருந்தால் ஏழைக் குடும்பம். பதில் சொல்ல அதிகாரி தேவையில்லை; பக்கத்து வீட்டுக்காரிக்கே தெரியும். அந்த யோசனை மலப்புரத்துக்குப் போய், 1998 மே 17 அன்று அங்கேயே பிரதமர் வாஜ்பாயியின் கையால் 'குடும்பஸ்ரீ' என்ற மாநிலத் திட்டமாகத் தொடங்கிவைக்கப்பட்டது. அப்போது முதல்வர் நாயனார். மத்தியில் பா.ஜ.க., மாநிலத்தில் மார்க்சிஸ்ட் கட்சி. இரண்டு தரப்புக்கும் ஆட்சேபம் இல்லாத விஷயங்கள் நம் நாட்டில் அபூர்வம்.

இன்று மாநிலம் முழுவதும் சுமார் 3 லட்சம் அயல்கூட்டங்கள், 45 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள். ஒரு குடும்பத்திலிருந்து ஒருவர்தான். (வீட்டில் மருமகளும் மகளும் சும்மா இருக்கிறார்களே என்று 2021-ல் இளம்பெண்களுக்குத் துணைக் குழுக்கள் அமைத்தார்கள்.) அயல்கூட்டங்களுக்கு மேலே வார்டு அளவில் ஓர் அமைப்பு, அதற்கு மேலே பஞ்சாயத்து அல்லது நகர அளவில் சி.டி.எஸ். திருவனந்தபுரத்தில் சி.டி.எஸ். என்றால் இரண்டு பொருள். ஒன்று உள்ளூரில் லாரி பேக்கர் கட்டிய செங்கல் கட்டடங்களில் இயங்கும் வளர்ச்சி ஆய்வு மையம், கே.என். ராஜ் 1971-ல் நிறுவியது, வறுமையை ஆராய்வது. மற்றது இந்தப் பெண்களுடையது. ஆட்டோ ஓட்டுநரிடம் சொல்லும்போது எது என்று தெளிவாகச் சொல்லவேண்டும்.

சேமிப்பிலிருந்து உள்ளுக்குள்ளேயே கொடுத்துக்கொள்ளும் கடனுக்கு நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்பது பரவலான கணக்கு. இதன் அருமை தெரிய, 'பிளேடு' என்ற மலையாளச் சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் கந்துவட்டியின் மலையாள அவதாரம் அது. 2014-ல் இந்நகரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவர் கடன் தொல்லையால் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, 'ஆபரேஷன் குபேரா' என்று போலீஸ் வேட்டையே நடந்தது. வேட்டைக்குப் பின்னும் தேவை அப்படியே இருந்தது. மருத்துவமனைச் செலவுக்கு ராத்திரி எட்டு மணிக்குப் பத்தாயிரம் வேண்டுமென்றால் வங்கி திறந்திருக்காது, பிளேடுக்காரர் திறந்திருப்பார். 2018-ல் கூட்டுறவு வங்கிப் பணத்தைக் குடும்பஸ்ரீ பெண்கள் வீட்டு வாசலிலேயே கொடுக்கும் திட்டம் ஒன்று வந்தது. 1,000 ரூபாயிலிருந்து 25,000 வரை. பெயர், 'முற்றத்தெ முல்ல'. முற்றத்து முல்லைக்கு மணமில்லை என்பது அங்கே பழமொழி. கைக்கெட்டியதன் அருமை தெரியாது என்று பொருள். ஒரு அரசாங்கத் திட்டத்துக்கு இவ்வளவு நல்ல பெயர் வைத்த அதிகாரியைச் சந்திக்க ஆசை.

கடன் எளிதாகக் கிடைப்பதில் ஆபத்தும் உண்டு என்பதை ஆந்திரம் காட்டியது. அங்கே தனியார் நுண்கடன் நிறுவனங்கள் ஒரே பெண்ணுக்கு நான்கைந்து கடன் கொடுத்து, வாரத் தவணைக்கு வாசலில் ஆள் உட்காரவைத்து, தற்கொலைகளில் முடிந்தது. 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. இங்கே வாசலில் உட்காருவதற்கு வெளியாள் யாரும் வருவதில்லை. உட்காருகிறவர் பக்கத்து வீட்டுக்காரி. அதைவிட இது மேலானதா என்று நான் கேட்டபோது வீட்டு அம்மா யோசித்துத்தான் பதில் சொன்னார்: மேலானதுதான், ஏனென்றால் அவளுக்கும் நாளைக்கு என் கையெழுத்து வேண்டும்.

கிரைண்டருக்கு வருவோம். விண்ணப்பித்தவர் பயிற்சி பெற்றவர். இரண்டு வார வகுப்பு. சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்திருந்தார். பயிற்சி என்றதும் எனக்குப் பழைய நினைவு: 1979-ல் மத்திய அரசு தொடங்கிய டிரைசெம் திட்டத்தில் ஊரெல்லாம் பெண்களுக்குத் தையல், ஆண்களுக்கு ரேடியோ ரிப்பேர். எல்லோரும் தைத்தால் யாருக்குத் தைப்பது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. 1982-ல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தலத்தாரும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து ஆரம்பித்த ருட்செட்டி நிலையம்தான், கைத்தொழிலோடு கணக்கையும் கடையையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அதைப் பார்த்துத்தான் பிறகு ஒவ்வொரு மாவட்டத்திலும் வங்கிகள் சுயதொழில் பயிற்சி நிலையம் நடத்தும் ஏற்பாடு வந்தது.

மாவு அரைக்க இந்தப் பெண்ணுக்கு வகுப்பு தேவைப்படவில்லை. முப்பது வருஷமாக அரைக்கிறார். வகுப்பில் புதிதாகத் தெரிந்துகொண்டது விலைக் கணக்கு. அரிசி, உளுந்து, மின்சாரம், கவர் எல்லாம் சேர்த்து ஒரு கிலோவுக்கு 40 ரூபாய் என்று எழுதியிருக்கிறார். வகுப்பு எடுத்தவர், உங்கள் கூலி எங்கே என்று கேட்டிருக்கிறார். அதுவரை அவருக்கு அது தோன்றவில்லை. கூலியாக 15 ரூபாய் சேர்த்தார். 55 ஆயிற்று. கடையில் கம்பெனி மாவு 50-க்குக் கிடைக்கிறது. வீட்டுக்கு வந்து கூலியை அடித்துவிட்டார். அடித்த கோடு அந்தத் தாளில் தெரிகிறது. அதே தாளைத்தான் விண்ணப்பத்தோடு இணைத்திருக்கிறார்.

கூட்டத்தின் காரியதரிசி, முன்னாள் அங்கன்வாடி ஊழியர், தாளைக் கையில் எடுத்துக் கேட்டது ஒரே கேள்விதான். வாங்குவது யார்?

சுயதொழில் பற்றி நான் படித்த அறிக்கைகளில் இந்தக் கேள்வி கடைசிப் பக்கத்தில் வரும். சந்தைப்படுத்துதல் என்று தலைப்புப் போட்டு நான்கு வரி. ஆனால் குடும்பஸ்ரீயின் 25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லச் சொன்னால் இந்தக் கேள்வியைத்தான் எழுதுவேன். நின்று நிலைத்த தொழில்களைப் பாருங்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி வழியாகக் கொடுக்கும் 'அமிர்தம்' ஊட்டச்சத்து மாவு. கோதுமை, கடலை, சோயா, நிலக்கடலை, சர்க்கரை கலந்தது. காசர்கோட்டு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான செய்முறை. மாநிலமெங்கும் 240-க்கு மேற்பட்ட பெண்கள் அலகுகள் இதைத் தயாரிக்கின்றன. வாங்குவது அரசு. ஒவ்வொரு மாதமும் வாங்கும்.

1999-ல் இதே நகரில் தொடங்கிய டெக்னோவேர்ல்டு என்ற பெண்கள் கணினி அலகும் அப்படியே. ஏழைக் குடும்பத்துப் பெண்கள் கடன் வாங்கிக் கணினி வாங்கி, அரசு அலுவலகங்களின் தகவல்களைப் பதிவு செய்து கொடுத்தார்கள். மாநிலமெங்கும் இத்தகைய அலகுகள் முளைத்தன. மான்செஸ்டரிலிருந்து ரிச்சர்ட் ஹீக்ஸ், ஷோபா அருண் என்ற ஆய்வாளர்கள் வந்து பார்த்து 'சமூக அவுட்சோர்ஸிங்' என்று பெயர் வைத்து 2010-ல் கட்டுரை எழுதினார்கள். அந்தப் பெண்களின் வருமானம், தைரியம், வீட்டில் மதிப்பு எல்லாம் உயர்ந்தது உண்மை. அவர்கள் பெரும்பாலும் அரசு வேலையையே நம்பியிருந்ததும் உண்மை.

அரசு வாங்குவதை நிறுத்தினால்? அதற்கும் இந்நகரமே சாட்சி. 2000-க்குப் பிறகு இங்கே வீடு வீடாகக் குப்பை எடுத்தது குடும்பஸ்ரீ பெண்கள். வீட்டுக்கு மாதக் கட்டணம்; குப்பை நகரத்துக்கு வெளியே விளப்பில்சாலை உரத் தொழிற்சாலைக்குப் போயிற்று. அந்தக் கிராமத்தார் நாற்றம் தாங்காமல் போராடி 2011 டிசம்பரில் தொழிற்சாலையைப் பூட்டவைத்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் அடுத்த நாள் காலை குப்பை வாளியோடு வாசலில் நின்ற பெண்ணுக்கு அதைக் கொண்டுபோக இடமில்லை. பயிற்சி இருந்தது, வாடிக்கையாளர் இருந்தார்கள், தொழில் இல்லை. இன்று ஹரித கர்ம சேனை என்ற பெயரில் பெண்கள் பிளாஸ்டிக்கைச் சேகரிக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் கட்டணம் தர மறுத்து முணுமுணுக்க, அரசு சட்டம் திருத்திக் கட்டாயமாக்க வேண்டியிருந்தது. (2023-ல் மலப்புரம் பரப்பனங்காடியில் இந்தச் சேனையின் 11 பெண்கள், 9 பேர் 25 ரூபாயும் இருவர் பன்னிரண்டரை ரூபாயுமாகப் போட்டு 250 ரூபாய் லாட்டரிச் சீட்டு வாங்கி 10 கோடி பரிசு பெற்றார்கள். அந்த வராந்தாவில் இருந்த பதினான்கு பேருக்கும் இந்தக் கணக்கு பைசா சுத்தமாகத் தெரிந்திருந்தது.)

ஜனகீய ஹோட்டல் விவகாரம் இன்னும் புண்ணாகவே இருக்கிறது. 2020-ல் 20 ரூபாய்க்குச் சாப்பாடு என்று குடும்பஸ்ரீ பெண்களை நம்பி அரசு ஆரம்பித்தது. சாப்பாட்டுக்குப் பத்து ரூபாய் மானியம். கோவிட் நாட்களில் இந்த நகரம் பசியாறியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு. 2023 ஆகஸ்டில் மானியம் நின்றது. சாப்பாடு 30 ரூபாயாயிற்று. பழைய மானிய பாக்கிக்காகப் பெண்கள் காத்திருந்தார்கள். பல இடங்களில் அடுப்பு அணைந்தது. கூட்டத்தில் ஒருவர் அப்படியொரு ஹோட்டலில் சமைத்தவர். மளிகைக் கடைக்காரர் இவர் முகத்தைப் பார்த்துத்தான் கடன் கொடுத்தாராம், அரசின் முகத்தைப் பார்த்து அல்ல. இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார், மற்றவர்கள் சிரிக்கவில்லை.

ஆனால் அரசை நம்பாத சந்தையும் இங்கே உண்டு. ஸ்ரீவராகத்துக்குச் சற்றுத் தள்ளித்தான் ஆற்றுகால். கும்ப மாதப் பொங்காலையன்று நகரத்தின் தெருக்கள் முழுக்க அடுப்பு. 1997-ல் 15 லட்சம், 2009-ல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அந்தச் சமயத்தில் இந்தச் சந்துகளில் மண்பானை, செங்கல், கொதும்பு, மட்டை, சர்க்கரை, வாழையிலை விற்காத திண்ணை இல்லை. வெளியூர்ப் பெண்களுக்குக் குளிக்க இடம், கழிப்பறை, காலைக் காப்பி. அந்த வார வருமானத்தில் வருஷக் கடனைத் தீர்ப்பவர்கள் உண்டு. மறுநாள் செங்கற்களை மாநகராட்சி சேகரித்து ஏழைகளின் வீடு கட்டக் கொடுக்கிறது. இந்த வியாபாரத்துக்கு வகுப்பும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு முறைதான் வருகிறது.

இதெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்போது விண்ணப்பித்தவரின் மகள் அம்மாவுக்குக் கண்ணாடி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் படியில் நின்றாள். கையில் பி.எஸ்.சி. வழிகாட்டி. மாநிலத் தேர்வாணையத்தின் கிளார்க் தேர்வு, அதன் பிறகு ரேங்க் லிஸ்ட், லிஸ்ட் காலாவதியாகுமுன் அழைப்பு வருமா என்ற ஏக்கம். கேரளத்தில் படித்தவர்களின் இருபதுகள் இப்படித்தான் கழிகின்றன. 2021 பிப்ரவரியில் ரேங்க் லிஸ்டில் இருந்தவர்கள் தலைமைச் செயலகத்தின் எதிரே புல்லைத் தின்றும் முட்டிக்காலில் நகர்ந்தும் போராடியதை இந்த நகரம் பார்த்தது. அவளிடம், அம்மாவின் தொழிலில் சேரலாமே என்று கேட்டுவைத்தேன். கேட்டிருக்கக் கூடாது. "எனிக்கொரு ஜோலி கிட்டட்டே, சேச்சி" என்றாள்.

ஜோலி. நம் நாஞ்சில் பக்கத்தில் 'சோலி' என்றால் எந்த வேலையும்தான். உன் சோலியைப் பார் என்பார்கள். இங்கே ஜோலி என்றால் உத்தியோகம், அதிலும் சர்க்கார் ஜோலி. அம்மா நான்கு மணிக்கு எழுந்து அரைத்தால் அது ஜோலி இல்லை. அவள் விண்ணப்பப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்த்தேன். ஹவுஸ் வைஃப். அவள் பொய் எழுதவில்லை. அவளுடைய அம்மாதான் கூலிக் கணக்கைக் கோடு போட்டு அடித்தவர்.

ஐந்தரை மணிக்கு விளக்கு வைக்கும் நேரம் நெருங்கியது. கடன் மறுக்கப்படவில்லை, கொடுக்கப்படவும் இல்லை. காரியதரிசி நோட்டில் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். தினம் இத்தனை கிலோ எடுத்துக்கொள்கிறோம் என்று இரண்டு டீக்கடைகளோ ஒரு ஹாஸ்டலோ வாய் வார்த்தை கொடுத்தால்கூடப் போதும், அடுத்த ஞாயிறு பதினான்கு பேரும் கையெழுத்துப் போடலாம். பெரிய கிரைண்டர் வேண்டாம், முதலில் பழைய கிரைண்டர் ஒன்று பார்க்கலாம். கூலியாகப் பத்து ரூபாயாவது கணக்கில் சேர்க்க வேண்டும். கடைசி நிபந்தனையைச் சொன்னது, தூணில் சாய்ந்திருந்த தையற்காரப் பெண். அன்று அவர் பேசியது அது ஒன்றுதான். அவருடைய மூடிக்கிடந்த இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துக்கொள்ள, மற்றொருவர் தன் தங்கையைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அதையும் நோட்டில் எழுதினார்கள்.

ஸ்ரீவராகத்தில் குடிகொண்டிருப்பவர் லட்சுமி வராகர். பூமியைக் கொம்பில் ஏந்தித் தூக்கிய அந்த உருவத்தைப் பொறித்ததால்தான் பழைய பொன் நாணயத்துக்கு வராகன் என்று பெயர் வந்தது. இதை நான் வீட்டு அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவருக்கு அதில் அக்கறை இல்லை. பிஸ்கட் டின்னைச் சேலை முந்தானையில் மூடிக்கொண்டு வேகமாக நடந்தார். திங்கட்கிழமை காலை வங்கி திறக்கும்வரை டின் இந்த வாரம் அவர் வீட்டில்.

மறுநாள் நான் ஊர் திரும்ப பஸ் நிலையத்துக்கு நடந்தபோது காலை ஆறேகால். முக்கிலிருந்த டீக்கடையின் முன் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தார். கையில் மூடியிட்ட எவர்சில்வர் தூக்கு. கடைக்காரர் ஒரு கரண்டி மாவை எடுத்து வழியவிட்டுப் பார்த்து, புளிப்பு எப்படி என்று விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, நேற்று அரைத்ததா இன்று அரைத்ததா என்று கேட்டார். இன்று என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டார்.